எதிரிக்கு நாலரை மீட்டர் கம்பளி

என் வீட்டுக்காரர் சூசைநாதனுக்கு அறுபத்து நாலாவது வயதில் பாவாடை கட்டும் ஆசை வந்தது. பாவாடை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "கில்ட்டுன்னு சொல்லு, தெரேஸ்" என்பார். முழங்கால் வரைக்கும் நிற்கும், பின்னால் முழுக்க மடிப்பு வைத்த, கட்டம் போட்ட கம்பளித் துணி. அதை இடுப்பில் சுற்றிக் கட்டவேண்டும். அதற்குப் பாவாடை என்று பேர் இல்லாவிட்டால் வேறு என்ன பேர் என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். நானே பல மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் புதுச்சேரி நெல்லித்தோப்பில் பிறந்தவர். அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவில் குண்டடி பட்டவர். இரண்டு அண்ணன்மாரும் சொல்தா. ஜூலை பதினாலாம் தேதி வந்தால் மூன்று பேரும் நெஞ்சில் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புவார்கள். இவர் பத்தொன்பது வயதில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். தட்டைப் பாதம் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் மாமனார் சாகிறவரைக்கும், விருந்தாளிகளுக்குப் பிள்ளைகளைக் காட்டும்போது, "இவன் தபால்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். பக்கத்தில் நிற்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

பாரிசுக்கு வந்து முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் பார்சல் பிரிக்கிற கூடத்தில் நின்றபடியே வேலை பார்த்தார். பட்டாளத்துக்கு ஆகாத பாதம் அதற்கெல்லாம் ஆயிற்று. ரெத்ரேத் வாங்கி, வேலை ஓய்ந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை பிடித்தது. லா ஷப்பேலில் எங்கள் வீடு நாலாவது மாடி, இரண்டே அறை. காலை ஐந்து மணிக்கே எழுந்து ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவார். உட்காருங்கள் என்றால் இரண்டு நிமிஷம் உட்காருவார், அப்புறம் முழங்கால் தானாக ஆடும், மறுபடி எழுந்துவிடுவார். கீழ் வீட்டுக்காரி விளக்குமாற்றுக் கட்டையால் அவள் வீட்டுக் கூரையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ ஒரு கோட்டை மைதானத்தில் பழைய காலத்துச் சண்டையை நடித்துக் காட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"எல்லாரும் நெப்போலியன் ஆளாத்தான் நிப்பேங்குறான். அப்புறம் யாரைச் சுடுவானுங்க? எதிரிக்குப் பஞ்சமா இருக்கு, தெரேஸ்."

"இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு என்னா?"

"நான் எதிரியா பேர் குடுத்துட்டேன். ஸ்காட்லாந்துப் படை."

"அட கடவுளே! உங்க அப்பா பிரான்சுக்காகக் குண்டடி பட்டாரு. நீங்க பிரான்சைச் சுடப் போறீங்களா?"

"வெறும் வெடிமருந்துதான். குண்டு கெடையாது" என்றார், அதுதான் என் கவலை என்பதுபோல.

அந்தச் சங்கத்துக்குத் தலைவன் நிக்கோலா. செவ்ரானில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். ஒல்லியாக, மரியாதையாகப் பேசுகிற பிள்ளை. இவர் நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வான், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கலாம் என்று நான் தயாராகக் காத்திருந்தேன். அவன் நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனுக்கு இருந்த ஒரே கவலை உடையின் துணியும் நூலும். இரண்டு வருஷம் இவர் பயிற்சிக்குப் போனார், மழையிலும் போனார். கடைசியில் ஒரு நிபந்தனை மிச்சம். ஜூன் மாதம் பெல்ஜியத்தில் பெரிய சண்டை. அதற்குள் 1815-இல் சாதாரணச் சிப்பாய் கட்டியது போன்ற கில்ட் அவரவர் சொந்தத்தில் வைத்திருக்கவேண்டும். சுத்தக் கம்பளி. கரும்பச்சை, கருநீலம், கறுப்பு, நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இயந்திரத் தையல் கூடாது. கீழ் விளிம்பை மடித்துத் தைக்கக்கூடாது, தறியிலிருந்து வந்த கரை அப்படியே தொங்கவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வரிசையில் இடமில்லை.

இன்னொரு முறை 'தகுதியில்லை' என்று கேட்டால் இவர் தாங்கமாட்டார். அதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு, மூச்சு எல்லாம் கம்பளிதான். மோன்மார்த்ர் அடிவாரத்தில் துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கினோம். கட்டத் துணி மலையாகக் கிடந்தது, எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குட்டைப் பாவாடைக்கானது. இவர் பாக்கெட்டில் ஒரு அடிக்கோலும் நிக்கோலா கொடுத்த ஒரு விரல் அகலத் துணி மாதிரியும் வைத்திருந்தார். கட்டத்தை அளந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பச்சை ரொம்ப பச்சையா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிடுவார். கடைக்காரனுக்கு மெர்சி சொல்வது என் வேலை.

தமிழ்க் கடைகளே நிறைந்த எங்கள் தெருவையும் விடவில்லை. புடவைக்கடை, மளிகைக்கடை, கைபேசிக்கடை என்று ஒன்று பாக்கியில்லாமல் நுழைந்து விசாரித்தார். ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி மிகவும் கரிசனத்தோடு கேட்டது: "கட்டம் போட்டதோ? சாரம்தானே தேடுறியள் அண்ணை? இஞ்சை புதுசு வந்திருக்கு, நல்ல பருத்தி." சாரம் என்றால் நம் ஊர்க் கைலி. இவர் அதைப் பிரித்து அதன் கட்டத்தையும் அளந்தார்! எனக்கு மானம் போயிற்று. தெருவில் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஸ்காட்லாந்தில் ஒரு ஆலையில் சரியான துணி இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்புறம் இணையத்தில் எவனோ பாதி விலைக்குப் போட்டிருந்தான், 'நூறு சதவீதம் கம்பளி' என்று. வந்தது. தடவிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சந்தேகம். பட்டுப்புடவை எடுக்கும்போது செய்கிற மாதிரி ஓரத்தில் ஒரு இழை உருவி, அடுப்பில் காட்டினேன். கம்பளியாக இருந்தால் முடி கருகுகிற நாற்றம் வரும், கையில் பொடிந்துபோகும். இது உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக உருண்டுகொண்டது. வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்றம்.

"ஏன் கொளுத்தின?" என்றார்.

"கொளுத்தாம கட்டிக்கினு போயி, அங்க தீப்பொறி பட்டு உருகியிருந்தா?"

எழுந்து நடக்க ஆரம்பித்தார், ஜன்னலுக்கும் அடுப்படிக்கும். அன்றைக்கு எனக்கும் உட்காரத் தோன்றவில்லை.

ஆனால் விடாக்கண்டர். அந்த ஆலைக்குக் கடிதம் எழுதினார். கையால், ஆங்கிலத்தில், எங்கள் பெண் ஆனைஸ் திருத்திக் கொடுத்து. ஒன்றுக்குப் பதில் இல்லை, இரண்டாவது. அதற்கும் இல்லை, மூன்றாவது. "மமோ, அவர் போக்குல விடு" என்றாள் ஆனைஸ். நாலாவது கடிதத்துக்கு ஒரு அம்மா பதில் எழுதியிருந்தாள். பழைய குறுகலான தறியில் யாரோ சொல்லி நெய்த துணி நாலரை மீட்டர் கிடக்கிறது, பச்சை மங்கலாக விழுந்துவிட்டது என்று வாங்காமல் போய்விட்டார்கள், இரண்டு இடத்தில் இழை தவறியிருக்கிறது, கரையும் கொஞ்சம் பிசிறு, கால் விலைக்குத் தருகிறோம் என்று. அந்தக் காலத்துச் சாயத்தில் பச்சை மங்கலாகத்தான் விழுமாம். சிப்பாய்க்குக் கொடுத்த துணியில் இழை தவறித்தான் இருக்குமாம். நிக்கோலா போட்டோவைப் பார்த்துவிட்டு, தனக்கு இது கிடைக்கவில்லையே என்று பெருமூச்சு விட்டானாம். இவர் என்னைப் பிடித்து அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

பிறகு காத்திருப்பு. பார்சல் கடல் தாண்டிவிட்டது, துவானில் நிற்கிறது, அதாவது சுங்கத்தில். அந்தக் காகிதம், இந்தக் காகிதம். ஊரார் பார்சலையெல்லாம் முப்பத்தாறு வருஷம் பிரித்து அனுப்பிய மனுஷன், தன்னுடைய ஒரு பார்சலுக்காக ஒரு மாதம் தினமும் நாலு மாடி இறங்கி ஏறினார். ஏப்ரல் கடைசியில் வந்து சேர்ந்தது. பிரித்ததும் ஆட்டு வாடை. சொரசொரவென்று, கனமாக, கறுப்பைப் போல ஒரு பச்சை. நான் ஒரு இழை உருவிக் கொளுத்தினேன். முடி கருகுகிற நாற்றம் வந்தது. இரண்டு பேரும் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தோம்.

மூன்று வாரம் கையாலேயே தைத்தார். அடிக்கோல், சாக்கட்டி, ஊசி, கெட்ட வார்த்தை. ஒவ்வொரு மடிப்பிலும் மஞ்சள் கோடு நடுவில் வரவேண்டும். முடித்து மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. நான் அதை வாயால் சொல்லவில்லை. என் கண்ணுக்கு அந்தக் கீழ் விளிம்புதான் தெரிந்தது. பிசிறு பிசிறாக, ஒரு பிடிப்பில்லாமல். ஐயாயிரம் பேர் பார்க்கிற இடத்தில் இப்படியா போவது? இவ்வளவு நாள் கேலி செய்ததற்கு நம் பங்குக்கும் ஏதாவது செய்வோம் என்று ஒரு எண்ணம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், அவர் பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து, அதைப் பையில் போட்டுக்கொண்டு தர்மிளாவிடம் போனேன்.

தர்மிளா புடவைக்கடைக்குப் பின்னால் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். கை சுத்தமான பெண்.

"என்னக்கா இது, வெள்ளைக்காரற்றை பாவாடையோ?" என்று சிரித்தாள். "கரை எல்லாம் பிஞ்சுபோய்க் கிடக்கு. நான் ஒரு விரல் அளவு வெட்டி, ஓரம் அடிச்சு, ஃபோல்சும் வைச்சு விடுறன். வடிவா விழும்."

புடவை நன்றாக விழுவதற்குக் கீழே உள்பக்கம் வைத்துத் தைக்கிற பட்டைதான் ஃபோல்ஸ். அது வைக்காமல் நான் ஒரு புடவையும் கட்டியதில்லை. "வை தர்மிளா, நல்லா வை" என்றேன். நிக்கோலா போட்ட நிபந்தனைகளை இவர் தினமும் ஜெபம் போல ஒப்பித்தவர்தான். என் காதில் அது எதுவும் ஏறியிருக்கவில்லை. கொண்டுவந்து இஸ்திரி போட்டு, மடித்து, அவர் மூட்டையில் நானே வைத்தேன். பெருமை வேறு.

சனிக்கிழமை காலை ஆனைஸ் எங்களைக் காரில் கொண்டுபோய்ப் பெல்ஜியத்தில் இறக்கிவிட்டுப் போனாள். வயல்வெளியில் வெள்ளைக் கூடாரங்கள். எட்டு மணிக்குச் சோதனை. முப்பது ஆண்கள் வரிசையாக நிற்க, நிக்கோலா ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டு வந்தான். இவர் முன்னால் வந்ததும் மடிப்பைப் பார்த்தான், மஞ்சள் கோட்டைப் பார்த்தான், தலையாட்டினான். பிறகு குனிந்து இரண்டு விரலால் விளிம்பைத் திருப்பினான்.

"மிசியே சூசை, இது என்ன?"

இவரும் குனிந்து பார்த்தார். அப்போதுதான் பார்க்கிறார். வெட்டிய கரை, மிஷின் தையல், உள்ளே கறுப்புப் பட்டை. நிமிர்ந்து, கயிற்றுக்கு அப்பால் நின்ற என்னைத் தேடினார். ஒரு விநாடிதான். பிறகு நிக்கோலாவிடம், "நான்தான் தைத்தேன். என் தவறு" என்றார்.

"இது நைலோன். வெடிமருந்துப் பொறி பட்டால் உருகிக் காலில் ஒட்டிக்கொள்ளும். உங்களை நான் எப்படி வரிசையில் நிறுத்துவேன்?" நிக்கோலாவின் முகமே சுண்டிப்போயிருந்தது. "கரையும் போய்விட்டது. மன்னிக்கவேண்டும். இந்த வருஷம் முடியாது."

சூசைநாதன் "சரி" என்றார். அவ்வளவுதான். வரிசையிலிருந்து ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். ஒரு இழையைக் கொளுத்திப் பார்க்கத் தெரிந்த எனக்கு, அந்தப் பட்டையைக் கொளுத்திப் பார்க்கத் தோன்றவில்லையே! பாவி நான், என்ன காரியம் செய்துவிட்டேன்!

"பொய் சொல்றாரு!" என்று கத்திக்கொண்டே கயிற்றைத் தாண்டிப் போனேன். தமிழில் கத்திவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. பிரெஞ்சில் சொன்னேன்: "நான் செய்தது. அவருக்குத் தெரியாது. எனக்கு நேரம் கொடுங்கள்."

"கரையை வெட்டியாகிவிட்டதே, மதாம். என்ன செய்ய முடியும்?"

எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. சரித்திரம் படித்தவன், ஒரு துணிக்கு எத்தனை கரை என்று தெரியவில்லை! புடவையில் கீழ்க்கரை நைந்துபோனால் நாங்கள் தூக்கியா போடுகிறோம்? தலைகீழாகத் திருப்பி, நைந்ததை இடுப்பில் செருகிக்கொள்கிறோம்.

"மேல் பக்கம் இன்னொரு கரை இருக்கிறது. இடுப்புப் பட்டிக்குள்ளே, பத்திரமாக. பிரித்துத் தலைகீழாகத் திருப்பினால் போதும். கட்டம் தலைகீழானாலும் அதே கட்டம்தான்."

நிக்கோலா குனிந்து இடுப்புப் பட்டியை விரலால் தடவிப் பார்த்தான். கைக்கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தான். "மத்தியானம் இரண்டு மணிக்குள். ஆனால் பதினொரு மணிக்கு ஜனங்களை உள்ளே விடுவார்கள். அதற்குப் பிறகு கூடாரப் பக்கம் இந்தக் காலத்து உடையில் யாரும் இருக்கக்கூடாது."

அப்படித்தான் எனக்கும் வேஷம் கட்டினார்கள். சிப்பாய் மனைவியாக நடிக்கிற ஆன்ஜெலிக் என்ற பெண் தன் பெட்டியிலிருந்து ஒரு பழுப்புப் பாவாடையும், தோளுக்கு ஒரு துணியும், வெள்ளைத் தொப்பியும் கொடுத்தாள். அந்தத் தொப்பியில் என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே வேண்டாம். வைக்கோலில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தோம். அவர் மூன்று வாரம் போட்ட தையல் ஒரு மணி நேரத்தில் போயிற்று. சட்டையும் போர்வையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அடிக்கோலைத் தேடினார்.

"அத தூக்கிப் போடுங்க" என்றேன்.

புடவைக்குக் கொசுவம் பிடிக்கிற கைக்கு அடிக்கோல் எதற்கு? கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் அளந்து அளந்து மடித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடு நடுவில் வந்து உட்கார்ந்தது. கால் மணி நேரம்தான். அவர் வாய் பிளந்து பார்த்தார். பிறகு நாலு ஊசி. நான், அவர், ஆன்ஜெலிக், அப்புறம் நிக்கோலாவும் வந்து உட்கார்ந்துவிட்டான். நூல் கோக்க அவனுக்குத் தெரியவில்லை, அதையும் நானே கோத்துக் கொடுத்தேன்.

"கோபமா?" என்று தமிழில் கேட்டேன், தலையைத் தூக்காமல்.

"இல்ல. என் கில்ட்டுக்கு நீ ஃபோல்ஸ் வெச்சியே" என்றார். அடுத்த மடிப்பில் ஊசியை ஏற்றினார்.

பதினொரு மணிக்கு ஜனங்கள் வந்தார்கள். எங்களைப் படம் எடுத்தார்கள். ஒரு பெரியம்மா குனிந்து, "நீங்கள் இங்கே யார்?" என்று கேட்டாள். ஆன்ஜெலிக் பதில் சொல்வதற்குள் என் வாயில் வந்துவிட்டது.

"சொல்தாவோட மனைவி" என்றேன், பிரெஞ்சில்.

பக்கத்தில் அவர் ஊசி நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் அதற்குமேல் தையல் ஓடியிருக்காது.

இரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசி நூலைப் பல்லால் கடித்தேன். நிக்கோலா விளிம்பைத் திருப்பினான், பழைய தறியின் பிசிறுக் கரை. உள்ளே ஒன்றுமில்லை. எழுந்து நின்று, இவருக்குச் சலாம் வைத்தான்.

"மூணாவது வேட்டுல நான் விழுவேன். பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நாடகந்தானே, நான் ஏன் பயப்படணும்?" என்றேன்.

முரசு அடித்தது. வரிசை நகர்ந்தது. முன் வரிசையில் இடமிருந்து நாலாவது ஆள் என் புருஷன். நேராக, தலை நிமிர்ந்து, துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு. வீட்டில் இரண்டு நிமிஷம் உட்கார மாட்டாதவர், அங்கே அசையாமல் நின்றார். எதிரே நெப்போலியன் ஆட்கள் நானூறு பேர் இருப்பார்கள். முதல் வேட்டு வெடித்தது. காது அடைத்துப்போயிற்று. ஒரே புகை. புகை கலைந்தபோது ஸ்காட்லாந்துப் படையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் குப்புறக் கிடந்தார். இடமிருந்து நாலாவது ஆள்.

மூன்றாவது வேட்டு என்றுதானே சொன்னார்! இது முதலாவது. அறுபத்தாறு வயது. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. யாரோ தடுத்தார்கள், தள்ளிவிட்டேன். தொப்பி எங்கேயோ விழுந்தது. சேற்றில் முட்டிபோட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னாங்க! எந்திரிங்க! ஐயோ, யாராவது வாங்களேன்!"

ஒரு கண் மட்டும் திறந்தது.

"கத்தாத" என்றார், உதடு அசையாமல். "ஒருத்தனும் விழல. எல்லாருக்கும் கடைசி வரைக்கும் சுடணும்னு ஆசை. யாராவது ஒருத்தன் விழணுமில்ல."

"மூணாவதுன்னு சொன்னீங்களே, பாவி மனுஷா!"

"ஜனங்க பாக்குது, தெரேஸ். நான் செத்துட்டேன். வந்தது வந்துட்ட, உக்காந்து அழு."

அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் அழுதுகொண்டிருந்தேன். காற்றில் கில்ட் ஒரு பக்கம் மேலே ஏறியது. அதை இழுத்து மூடிவிட்டு, அவர் தலையை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக அழுதேன்.